‘நான்’ போனால் ‘ஷலன்ட்’ மிஞ்சுமா?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆளை ஆங்கிலத்தில் ‘நான்ஷலன்ட்’ என்கிறார்கள். அப்படியானால் அலட்டிக்கொள்கிற ஆள் ‘ஷலன்ட்’ ஆவாரா, அப்படியொரு சொல் முன்பு இருந்து வழக்கொழிந்து போனதா என்பது முதல் கேள்வி. இந்தச் சொல்லின் வேரில் ‘சூடு’ இருப்பதாக எங்கோ படித்தேன், அது கட்டுக்கதையா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: மறுப்போடு மட்டும் ஒரு சொல் எப்படி உலவுகிறது, அதன் மறுபாதி எங்கே போனது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சூட்டுக் கதை உண்மை. அதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஷலன்ட்’ என்ற பழைய சொல் எதுவும் இருக்கவில்லை. இன்று சமூக ஊடகங்களில் இளையவர்கள் சொல்வது, முழுச் சொல்லிலிருந்து தலையை வெட்டி எடுத்த புதுச் சரக்கு. ஆனால் பிரெஞ்சில் அந்த மறுபாதி உண்மையிலேயே இருந்தது. இன்றும் இருக்கிறது, வேறு வேலை பார்த்துக்கொண்டு. அங்கே போவதற்கு முன் லத்தீனிலிருந்து தொடங்குவதே ஒழுங்கு.

லத்தீனில் ‘கலேரே’ என்ற வினைக்குச் சூடாக இருத்தல் என்று பொருள். தண்ணீர் சூடாக இருக்கிறது, வெயில் கொளுத்துகிறது என்பதற்கெல்லாம் அந்த வினைதான். ‘கலோர்’ என்றால் வெப்பம். லத்தீன்காரர்களே இந்த வினையை மனத்தின் சூட்டுக்கும் பயன்படுத்தினார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் கவிஞர் ஹொராஸ், ‘ஓட்கள்’ என்ற தன் கவிதைத் தொகுப்பின் நான்காம் புத்தகத்தில், 11ஆம் கவிதையில் ஃபில்லிஸ் என்ற பெண்ணை அழைக்கிறார். என் காதல்களில் கடைசிக் காதல் நீ, இனி வேறொரு பெண்ணால் நான் சூடாக மாட்டேன் என்கிறார். அங்கே வருவது ‘கலேபோ’ என்ற வடிவம், அதே வினையின் எதிர்காலம். முன்னால் ‘நோன்’ என்ற மறுப்பும் நிற்கிறது. பின்னால் வரப்போகும் சொல்லின் இரண்டு உறுப்புகளும் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிடுகின்றன. ஹொராஸ்தான் நம் சொல்லுக்கு மூலம் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. உடம்பின் சூட்டிலிருந்து ஆசையின் சூட்டுக்குப் போகும் பாதை லத்தீனிலேயே திறந்துவிட்டது என்பதற்கு மட்டும்தான் இது சாட்சி.

அடுத்த படி இலக்கணத்தில் நடந்தது. இது தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளில் இந்த வினை எழுவாயை இழந்து, ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையோடு வரத் தொடங்கியது. நாம் எனக்குப் பசிக்கிறது, எனக்குப் புழுங்குகிறது என்பது போல, பழைய பிரெஞ்சில் ஒரு விஷயம் ஒருவருக்குச் சுட்டது, அல்லது சுடவில்லை. சுடுகிறது என்றால் அது அவருக்கு முக்கியம், அவர் மனத்தில் படுகிறது. அந்த வினையின் பிரெஞ்சு வடிவம் ‘ஷலுவார்’. படர்க்கை நிகழ்காலத்தில் லத்தீனின் ‘கலெத்’ என்பது ‘சல்ட்’ ஆகி, நடுவிலிருந்த ல் கரைந்து, இன்று ‘ஷோ’ என்ற உச்சரிப்பில் வந்து நிற்கிறது. ‘பெ ம ஷோ’ என்ற தொடரைப் படித்த பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கொஞ்சம் பழைய வாசனைக்காகச் சொல்வதுண்டு; எனக்கு அது ஒரு பொருட்டல்ல என்று அர்த்தம். நம் சூடு சொரணை இல்லாதவன் என்ற வசவுக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் ஒரே சிந்தனை இரண்டு இடத்தில் தனித்தனியே முளைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சில் மட்டும் இது நடக்கவில்லை. கட்டலான் மொழியில் ‘கல்’ என்றால் வேண்டியிருக்கிறது, அவசியம் என்று பொருள். ‘நோ கல்’ என்றால் தேவையில்லை. பார்சலோனாவில் இது அன்றாடப் பேச்சு. அதுவும் இதே ‘கலேரே’ தான். இத்தாலிய இலக்கிய வழக்கில் ‘நோன் காலே’யில் வைப்பது என்றொரு தொடர் உண்டு, பொருட்படுத்தாமல் விடுவது என்ற அர்த்தத்தில். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பெட்ரார்க், ஒரு பெண்ணுக்காக மற்ற எண்ணங்களையெல்லாம் ‘நோன் காலே’யில் வைத்துவிட்டேன் என்று எழுதினார். ஆக, சூடு அக்கறையாக மாறியது ஒரு மொழியின் விபத்து அல்ல. மேற்கு ஐரோப்பாவின் லத்தீன் வழி மொழிகள் பலவற்றில் அது பரவியிருந்தது.

இந்த உதாரணங்களில் மறுப்பு விடாமல் கூடவே வருவதைக் கவனியுங்கள். கேள்விக்கான விடையின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. பழைய பிரெஞ்சின் ‘ஷலுவார்’ நேர்மறையாக வராமல் இல்லை. ஆனால் அது அதிகம் புழங்கியது இரண்டு இடங்களில்: மறுப்பில், அல்லது விடையை எதிர்பார்க்காத கேள்வியில். சுமார் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோலான் என்ற பழைய பிரெஞ்சு வீர காவியத்தில் ‘அதனால் யாருக்கு என்ன?’ என்ற பொருளில் ஒரு வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. வீரர்கள் எவ்வளவு போராடியும் பயன் இல்லை என்று சொல்ல வரும் இடங்களில் கவிஞர் இதைப் போடுகிறார். வடிவம் கேள்வி, உள்ளடக்கம் மறுப்பு. ஒரு வினை இப்படி மறுப்பின் நிழலிலேயே வளர்ந்தால், நாளாக நாளாக மறுப்பு இல்லாமல் அதைச் சொல்வது காதுக்கு ஒட்டாமல் போகும்.

ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கிலேயே இதற்கு அச்சு அசலான இணை உண்டு. ‘ரெக்’ என்ற வினை, பொருட்படுத்துதல் என்ற பொருளில் பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே இருந்தது. ஹாம்லெட் நாடகத்தில் ஒஃபீலியா தன் அண்ணனிடம், ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் உபதேசத்தையே மதிக்காதவனாக இருந்துவிடாதே என்று சொல்லும்போது இந்த வினையைத்தான் மறுப்போடு பயன்படுத்துகிறாள். மில்டன் 1637இல் எழுதிய லிசிடஸ் கவிதையில், பொறுப்பில்லாத மேய்ப்பர்களைப் பற்றி ‘அவர்களுக்கு என்ன வந்தது?’ என்று கேட்கும் இடத்திலும் அதே வினை; அதுவும் எழுவாய் இல்லாமல், ‘அவர்களுக்கு’ என்று. ரோலான் காவியத்தின் வாய்பாட்டை ஆங்கிலத்தில் வார்த்தது போல இருக்கிறது. இன்று ‘ரெக்’ செத்துவிட்டது. ‘ரெக்லஸ்’ மட்டும் உயிரோடு இருக்கிறது. நான்ஷலன்டில் மறுப்பு முன்னால், ரெக்லஸில் பின்னால், அவ்வளவுதான் வேறுபாடு. எனவே ‘ஷலன்ட்’ காணாமல் போனதை ஒரு தனிப் புதிராகப் பார்க்க வேண்டியதில்லை. அக்கறையைக் குறிக்கும் வினைகளுக்கு இது ஒரு வழக்கமான விதி. மனிதர்கள் அக்கறை இருப்பதை விட இல்லாததைத்தான் அதிகம் அறிவித்துக்கொள்கிறார்கள்.

பிரெஞ்சில் மறுப்பு சொல்லோடு ஒட்டி ‘நோன்ஷலுவார்’ என்று ஒரு பெயர்ச்சொல்லும் உருவானது. அதன் மிக அழகான வாழ்க்கை 15ஆம் நூற்றாண்டில், ஆர்லியான் கோமகன் ஷார்லின் கவிதைகளில். இவர் 1415 அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு 1440 வரை இங்கிலாந்தில் இருந்தவர். இவருடைய கவிதைகளில் நோன்ஷலுவார் ஒரு ஆளாகவே நடமாடுகிறது: காதலில் அடிபட்ட நெஞ்சுக்குப் பற்றுப் போடும் வைத்தியராக வரும், களைத்தவர் ஒதுங்கும் பழைய மாளிகையாகவும் வரும். பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 682 என்ற எண்ணில் உள்ள கையெழுத்துப் பிரதியில் இந்தக் கவிதைகள் பலவற்றின் ஆங்கில வடிவம் இருக்கிறது. அதையும் கோமகனே எழுதினார் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து, ஐயுற்றவர்களும் உண்டு. யார் எழுதியிருந்தாலும் நமக்கு வேண்டியது ஒரு விவரம்: அந்த மாளிகைக்கு ஆங்கிலத்தில் ‘நோ கேர்’ கோட்டை என்று பெயர். பிரெஞ்சுச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் எண்ணம் அன்றைக்கு வரவில்லை.

அடுத்த 150 ஆண்டுகளுக்கும் அப்படித்தான். 1528இல் வெளியான, இத்தாலிய எழுத்தாளர் கஸ்தில்யோனேயின் ‘அரசவையாளர்’ நூல், சிரமப்பட்டுச் செய்வதைச் சிரமமே படாதது போலச் செய்து காட்டும் நளினத்துக்கு ‘ஸ்ப்ரெட்சதூரா’ என்று பெயர் வைத்தது. நாம் இன்று நான்ஷலன்ஸ் என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு மிக அருகில் வருவது அது. 1561இல் அதை ஆங்கிலமாக்கிய தாமஸ் ஹோபி போட்ட சொல் ‘ரெக்லஸ்நஸ்’. கண்மூடித்தனம் என்ற இன்றைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தால் தலைகால் புரியாது. பொருட்படுத்தாமை என்ற பழைய பொருளில் எடுத்தால் சரியாக உட்காரும். அடுத்து, 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்தேஞ். சாவைப் பற்றிய கட்டுரையில், நான் முட்டைக்கோசு நட்டுக்கொண்டிருக்கும்போது சாவு வரட்டும், அதைப் பற்றியும் நான் நோன்ஷலான் ஆக இருக்க வேண்டும், முடிக்காமல் கிடக்கும் தோட்டத்தைப் பற்றி இன்னும் நோன்ஷலான் ஆக இருக்க வேண்டும் என்கிறார். 1603இல் ஜான் ஃப்ளோரியோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது அந்த இடத்தில் அவர் வைத்தது ‘கேர்லஸ்’. புதுச் சொற்களை அள்ளிப் போடுவதில் ஃப்ளோரியோவுக்குக் கூச்சமே கிடையாது. அவரே இதைக் கடன் வாங்கவில்லை.

பிறகு எப்போது வந்தது? அகராதிகள் தரும் கணக்கில் பெயர்ச்சொல்லான நான்ஷலன்ஸ் 1670களிலும், பெயரடையான நான்ஷலன்ட் 1734 வாக்கிலும் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகின்றன. இந்த ஆண்டுகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை. இவை அகராதிக்காரர்கள் கையில் சிக்கிய மிகப் பழைய எழுத்துச் சான்றின் ஆண்டுகள், சொல் பிறந்த நாள் அல்ல. நாளைக்கே ஒரு கடிதக்கட்டில் முந்தைய சான்று கிடைக்கலாம். பழைய நூல்கள் எண்ணிமமாக ஆக இப்படிப் பல சொற்களின் ஆண்டு பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. ஆனால் 1300களுக்குப் போய்விடாது என்று உறுதியாகச் சொல்லலாம். காரணம், சொல்லின் ஒலியிலேயே ஒரு முத்திரை இருக்கிறது.

அந்த முத்திரைதான் எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த பகுதி. லத்தீனில் அ-வுக்கு முன்னால் வந்த க ஒலி, பாரிஸ் பக்கத்துப் பழைய பிரெஞ்சில் ‘ச்ச’ என்று ஆனது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தச் ‘ச்ச’ மெலிந்து ‘ஷ’ ஆனது. வடக்கே நார்மண்டி, பிக்கார்டி பக்கத்தில் மட்டும் க அப்படியே நின்றது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலம் மூன்று அடுக்குகளாகக் கடன் வாங்கியது. நார்மன் வழி வந்தவற்றில் க இருக்கும், இடைக்காலத்தில் பாரிஸ் வழி வந்தவற்றில் ச்ச இருக்கும், பிற்காலத்தில் வந்தவற்றில் ஷ இருக்கும். ‘சீஃப்’, ‘ஷெஃப்’ இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல். முன்னது இடைக்காலத்தில் வந்தது, பின்னது 19ஆம் நூற்றாண்டில். ‘கேட்ச்’, ‘சேஸ்’ இரண்டும் ஒரே லத்தீன் வினை. முன்னது நார்மன், பின்னது பாரிஸ். இப்போது நம் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்: நான்ஷலன்ட். ஷ. எனவே பின்னால் வந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசருடைய காலத்தில் வந்திருந்தால் இதை நாம் ‘நான்சலன்ட்’ என்று ச்ச ஒலியோடு சொல்லிக்கொண்டிருப்போம்.

கலேரேயின் குடும்பத்திலேயே மூன்று அடுக்குகளும் கிடைப்பது கூடுதல் சுகம். ‘கால்ட்ரன்’, அதாவது பெரிய கொப்பரை, க-வோடு நார்மன் வழி வந்தது. அதிலுள்ள ல் எழுத்து, பிறகு லத்தீன் படித்தவர்கள் செருகியது. ‘சேஃப்’ என்ற வினை ச்ச-வோடு வந்தது. முதலில் சூடாக்குதல், பிறகு தேய்த்துச் சூடேற்றுதல், பிறகு தேய்ந்து புண்ணாதல், கடைசியில் எரிச்சல்படுதல் என்று பொருள் நடந்தது. அதன் முதல் பொருள் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் நம் கல்யாண மண்டபத்து பஃபே மேசை: அடியில் நெருப்பு வைத்த ‘சேஃபிங் டிஷ்’. மூன்றாவது ‘ஷோஃபர்’, ஷ-வோடு, கார் வந்த காலத்தில் வந்தது. பிரெஞ்சில் அது முதலில் கொதிகலனுக்குக் கரி போடுகிற ஆளின் பெயர். வெந்நீர் பட்டுச் சுடுவதைச் சொல்லும் ‘ஸ்கால்ட்’, உணவுப் பொட்டலத்தில் பார்க்கும் ‘கலோரி’, எரிமலை வாயைக் குறிக்கும் ‘கால்டெரா’ எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்.

சந்தேகமான உறவினர்களும் உண்டு. லத்தீனுக்கு முந்தைய வேரைப் பொறுத்தவரை, லித்துவேனிய மொழியில் சூடேறுதலைக் குறிக்கும் ‘ஷில்தி’, வெல்ஷ் மொழியில் கதகதப்பான என்று பொருள்படும் ‘க்லீட்’ இரண்டையும் சேர்ப்பதில் பெரிய தகராறு இல்லை. சமஸ்கிருதத்தின் ‘சரத்’, அதாவது நாம் சரத் காலம் என்று சொல்லும் பருவத்தின் பெயர், இதே வேர்தான் என்று சில அகராதிகள் சேர்க்கின்றன, எல்லாரும் ஏற்பதில்லை. அதைச் செய்தியாகச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். இன்னும் சுவையானது ‘காம்’ என்ற சொல், அமைதி என்ற பொருளில் வருவது. கிரேக்கத்தில் எரியும் வெப்பத்தைக் குறித்த ‘கௌமா’ பிற்கால லத்தீனில் நுழைந்து, நடுப்பகல் வெயில், அதனால் எல்லாரும் ஓய்ந்து கிடக்கும் நேரம், அதனால் அமைதி என்று வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கதை. மூலச் சொல்லில் இல்லாத ல் எழுத்து எங்கிருந்து வந்தது என்பதற்கு, கலேரேயின் பாதிப்பு என்பார்கள். அது ஊகம், நல்ல ஊகம், அவ்வளவுதான். மறுபக்கம், தோல் தடித்த, இரக்கமற்ற என்ற பொருளுள்ள ‘காலஸ்’ இதற்கு உறவு என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். அது காய்ப்பு விழுந்த தோலைக் குறிக்கும் வேறு லத்தீன் சொல். சவால் என்ற பொருளில் வரும் ‘சேலஞ்ச்’ அவதூறைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒத்திருப்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.

இப்போது காணாமல் போன மறுபாதி. ஷலுவார் வினையின் நிகழ்கால எச்சம் பழைய பிரெஞ்சில் ‘ஷலான்’. ஒருவர் மீது அக்கறை உள்ளவர், வேண்டப்பட்டவர், பழக்கப்பட்டவர் என்ற பொருளில் அது தனியாகவே பெயர்ச்சொல்லாக நின்றது. வேண்டப்பட்டவர் என்பது மெல்ல வழக்கமாக வருபவர் என்று சாய்ந்து, கடைக்கு வழக்கமாக வருபவர், வாடிக்கையாளர் என்று முடிந்தது. கடைசி எழுத்து மட்டும் இன்று மாறியிருக்கிறது. அதுவும் உச்சரிப்பில் கேட்காது. ஆக, நோன்ஷலான் என்பவர் எதையும் பொருட்படுத்தாதவர், ஷலான் என்பவர் வாடிக்கையாளர். இரண்டும் ஒரே எச்சத்தின் இரு கிளைகள் என்பது பிரெஞ்சுக்காரர்கள் பலருக்கே தோன்றாது. அதிலிருந்து ‘அஷலாந்தே’ என்ற பெயரடை பிறந்தது. வாடிக்கையாளர் நிறைய உள்ள கடை என்பது அதன் முதல் பொருள். இப்போது பெரும்பாலோர் சரக்கு நிறைய உள்ள கடை என்று பயன்படுத்துகிறார்கள், இலக்கணக் காவலர்கள் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். சரக்குப் படகைக் குறிக்கும் இன்னொரு ‘ஷலான்’ பிரெஞ்சில் உண்டு. அது கிரேக்க வழி வந்த வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலம் கடன் வாங்கியது மறுப்போடு ஒட்டிய முழுச் சொல்லை மட்டும். வினையும் வரவில்லை, ஷலானும் வரவில்லை. அதனால் ‘ஷலன்ட்’ வழக்கொழிந்த சொல் என்று சொல்வது தவறு. பிறக்காததற்கு ஒழிவு ஏது? இந்த இடத்தில் ஆங்கிலத்தின் மற்ற மறுப்புச் சொற்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் வேறு கதை. ‘அன்கெம்ப்ட்’ என்றால் வாரப்படாத. வாரிய என்ற நேர்வடிவம் உண்மையிலேயே இருந்தது. ‘அன்கூத்’ என்பது அறியப்படாத என்று தொடங்கி, அதனால் அன்னியமான, அதனால் நாகரிகமற்ற என்று போனது; அறியப்பட்ட என்ற ‘கூத்’ பழைய ஆங்கிலத்தில் நடமாடியது. ‘ரூத்லஸ்’ இல் உள்ள ரூத், இரக்கம். ஆனால் ‘டிஸ்கிரன்டில்ட்’ ஏமாற்றிவிடும். அங்கே முன்னொட்டு மறுப்பே அல்ல, அழுத்தம் கொடுப்பது. கிரன்டில் என்றால் பன்றி போல முனகுவது, எனவே முழுச் சொல்லும் நன்றாக முனகிக்கொண்டிருப்பது. ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் 1938இல் ஒரு நாவலில் ‘கிரன்டில்ட்’ என்பதைத் திருப்தியான என்ற பொருளில் போட்டுச் சிரிக்க வைத்தார். நேர்வடிவம் என்று எண்ணிச் சிரிக்கிறோமே, அது உண்மையில் நேர்வடிவமே இல்லை.

‘இன்டிஃபரன்ட்’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதும் கேள்வியில் ஓரமாக இருந்தது. அந்தச் சொல் வேறு ஊர்க்காரர். வேறுபாடு பார்க்காத என்பதுதான் மூலப் பொருள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பாராட்டு: பாரபட்சம் இல்லாதவர். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் செப நூலில், அதிகாரிகள் உண்மையாகவும் ‘இன்டிஃபரன்ட்’ ஆகவும் நீதி வழங்க அருள வேண்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. இன்றைய பொருளில் படித்தால் சாபம் போலக் கேட்கும். பக்கம் சாராதவர் என்பது ஆர்வம் இல்லாதவர் என்றும், பிறகு சுமாரான என்றும் இறங்கியது. ‘ஏபதி’ கிரேக்க வழி. ஸ்டோயிக் தத்துவவாதிகளுக்கு உணர்ச்சிகளுக்கு ஆட்படாமை ஒரு சாதனை, இன்றைக்கு அது ஒரு குறை. ‘இன்ஸூசியன்ட்’ நான்ஷலன்டுக்கு நெருங்கிய தோழர், பிரெஞ்சிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்தது. கவலை இல்லாத என்பது பொருள். அதன் வேர், முழுவதும் அசைத்துக் கலக்குதலைக் குறிக்கும் லத்தீன் வினை. சூடு பற்றிய உருவகம் அதில் இல்லை. சூடு, குளிர் விளையாட்டு வேண்டுமென்றால் ‘ஸாங்ஃப்ரவா’ இருக்கிறது, 18ஆம் நூற்றாண்டில் வந்த குளிர்ந்த இரத்தம்.

பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இன்று ஒரே பொருளில் இல்லை என்பதைப் பிரெஞ்சு படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சில் நோன்ஷலான் என்றால் துடிப்பில்லாத, சோம்பலான, தளர்ந்த என்ற நிறம் தூக்கலாக இருக்கும். மாணவனைப் பற்றி ஆசிரியர் அப்படி எழுதினால் அது புகார். 19ஆம் நூற்றாண்டில் பழைய நோன்ஷலுவாரைக் கவிஞர்கள் தூசி தட்டி எடுத்தபோதும் இந்தத் தளர்ச்சியைத்தான் விரும்பினார்கள். போதலேர் ஒரு கவிதையில் பெண்ணின் கூந்தல் வாசனையில் அதை ஏற்றினார். ஓவியர் சார்ஜன்ட் 1911இல் சோபாவில் சரிந்து கிடக்கும் தன் சகோதரி மகளை வரைந்த ஓவியத்துக்கும் இதே பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சோம்பல் கழன்று போய், பதற்றப்பட வேண்டிய நேரத்தில் பதறாத தோரணை என்பது முன்னுக்கு வந்தது. தோரணை என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்டிஃபரன்ட் உள்ளத்தின் நிலை, நான்ஷலன்ட் வெளியே தெரியும் பாவனை. உள்ளே நெஞ்சு படபடத்தாலும் ஒருவர் நான்ஷலன்ட் ஆக நடக்கலாம். ‘ஸ்டடீட் நான்ஷலன்ஸ்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் இவ்வளவு புழங்குவதே அதனால்தான்; பயிற்சி செய்து வரவழைத்த அலட்டலின்மை.

இதே காரணத்தால் தமிழில் எழுதும்போது இதற்கு அலட்சியம் என்று போடுவது பெரும்பாலும் பிசகும். அலட்சியத்தில் எதிராளியை மட்டம் தட்டுவது சேர்ந்துவிடுகிறது. மெத்தனம் பிரெஞ்சுப் பொருளுக்குப் பொருந்தும், ஆங்கிலப் பொருளுக்குப் பொருந்தாது. அலட்டிக்கொள்ளாமல் என்பது எனக்குத் தெரிந்து மிக அருகில் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்டிஃபரன்டுக்குப் பின்னால் ‘டு’ வரும், நான்ஷலன்டுக்குப் பின்னால் ‘அபவுட்’ வரும். இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் நம் ஊர் எழுத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை. பக்கத்து வீட்டுச் சொல்லான ‘நான்பிளஸ்ட்’ இதற்கு நேர் எதிர்: என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்பது. லத்தீனில் ‘இதற்கு மேல் இல்லை’ என்பது அதன் மூலம். ஆனால் அமெரிக்காவில் பலர் அதையும் அசராத என்ற பொருளில் எழுதத் தொடங்கிவிட்டார்கள், அகராதிகளும் பதிவு செய்துவிட்டன. முன்னால் நிற்கும் ‘நான்’ என்பதை மறுப்பாகக் கேட்டு, எதையோ மறுக்கிறது என்று ஊகித்ததால் வந்த வினை என்று விளக்குகிறார்கள். நம்பத் தகுந்த விளக்கம்.

உச்சரிப்பில் பிரிட்டன்காரர்கள் முதல் அசையை அழுத்தி, கடைசியை விழுங்கி, ‘நான்ஷலன்ட்’ என்கிறார்கள். அமெரிக்கர்கள் அழுத்தத்தைக் கடைசியில் வைத்து ‘நான்ஷலான்ட்’ என்று நீட்டுகிறார்கள். இரண்டும் சரி. ச்ச ஒலியோடு சொல்வது மட்டும் எங்கும் சரியில்லை. ஏன் என்பதற்கான காரணம் மேலே வந்துவிட்டது. ‘ஷலன்ட்’ என்று சொல்லலாமா என்றால், நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், புரிந்துகொண்டு சிரிப்பார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.